படத்தில் தெரியாத காயம்

ஐப்பசி பிறந்துவிட்டால் நாடெங்கும் பட்டாசின் பெயரோடு சிவகாசியின் பெயரும் ஒலிக்கிறது. ஆனால் சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், விருதுநகர் வட்டாரங்களில் வாழும் நமக்கு வெடியோசை என்பது ஆண்டுக்கு ஒருநாள் கேட்டு மகிழும் ஓசை மட்டுமன்று. நேரமல்லாத நேரத்தில் தொலைவில் ஓர் அதிர்வு கேட்டால், எந்த ஆலையோ, யார் வீட்டுப் பிள்ளையோ என்று நெஞ்சு பதறுகிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்து ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாண்டவர்களுள் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்கள். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் இரண்டு கணக்குகள் எடுக்கப்படுகின்றன. மாண்டோர் எத்தனை பேர், காயமுற்றோர் எத்தனை பேர் என்பன அவை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் உடலில் தீப்புண் இல்லை, எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றோடு உறக்கம் போயிற்று. அடுப்பில் குக்கர் சத்தமிட்டாலும் திடுக்கிட்டு எழுகிறார்கள். மருந்து வாடை பட்டால் கைகால் நடுங்குகிறது. பயர் ஆபீஸ் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார்கள். ஊர் முதலில் பயந்துவிட்டான் என்று இரக்கப்படுகிறது. மந்திரித்துக் கயிறு கட்டுகிறது. மாதங்கள் கடந்த பின் காத்துக்கருப்பு என்கிறது. இறுதியில், வேலைக்குப் போகச் சோம்பல், எல்லாம் நடிப்பு என்று தீர்ப்பிடுகிறது.

இதற்கிடையில் வீட்டார் கம்மலை அடகு வைத்து, மதுரைக்குச் சென்று மூளையை ஸ்கேன் எடுக்கிறார்கள். வலிப்பு நோயாளிகளும் மனச்சிதைவு நோயாளிகளும் இதே வழியில்தான் அந்த இயந்திரத்தின் முன் கொண்டுவரப்படுகிறார்கள். 'எல்லாம் இயல்பாக உள்ளது' என்று அறிக்கை வருகிறது. ஆறுதல் தரவேண்டிய அச்சொல் பல வீடுகளில் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. "படத்திலேயே ஒன்றுமில்லை, பிறகு உனக்கு என்ன?" என்று கேட்கிறார்கள்.

படத்தில் ஒன்றுமில்லை என்றால் நோயும் இல்லை என்றாகுமா? மூளையைப் படம்பிடிக்க மனிதன் பட்ட பாட்டின் வரலாறே இதற்கு விடை சொல்லும். அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அதிகாரம் நம் தமிழகத்திலேயே எழுதப்பட்டது.

மண்டை ஓடு என்னும் மதில்

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, அக்காலத்தார் புனித நோய் என்று அஞ்சிய வலிப்பைப் பற்றியது. மற்ற நோய்களைவிட இதில் தெய்வத்தின் கை கூடுதலாக ஒன்றும் இல்லை என்றும், இதன் இருப்பிடம் மூளையே என்றும், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்நூல் வாதிட்டது. வாதிட முடிந்ததேயன்றிக் காட்ட முடியவில்லை. உயிரோடிருக்கும் மனிதனின் மூளையை மண்டை ஓடு என்னும் மதில் மறைத்து நின்றது. ஆகவே வலிப்புக் கண்டவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், மனம் பிறழ்ந்தவனைச் சங்கிலியில் பிணைப்பதும் தொடர்ந்தன. சென்னையில் 1794-ஆம் ஆண்டு ஒரு மனநோயர் இல்லம் ஏற்பட்டது. இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் அதுவே. அங்கிருந்த மருத்துவர்களுக்கும் நோயாளியின் நடத்தையைக் காண முடிந்ததே தவிர, அவனுடைய மூளையைக் காண வழியில்லை.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். உடைந்த எலும்பும் உடலில் புதைந்த குண்டும் இனி மறைந்திருக்க முடியாது என்றாயிற்று. ஆனால் மூளை அந்தக் கதிருக்கும் பிடிகொடுக்கவில்லை. மென்மையான அதன் பகுதிகள் யாவும் படத்தில் ஒரே சாம்பல் நிழலாகவே விழுந்தன. 1918-ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டான்டி, மண்டை ஓட்டில் துளையிட்டு, மூளையின் உட்புறத்தில் நீர் தேங்கும் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு முதுகுத்தண்டின் வழியாகவே காற்றைச் செலுத்தினார். காற்று நின்ற இடம் படத்தில் தெரிந்தது. அவ்வறைகள் நெருக்குண்டிருந்தால் பக்கத்தில் கட்டி இருப்பதாக ஊகித்தார்கள். நோயாளி பட்ட தலைவலியும் வாந்தியும் சொல்லுந்தரமல்ல. 1924-ல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-ல் அதனை வெளியிட்டார். வலிப்பு நோய்க்கு இன்றும் எடுக்கப்படும் இ.இ.ஜி. சோதனை அவர் தந்ததே.

1927-ல் போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸ் மூளையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறையைக் கண்டார். எண்ணற்ற உயிர்களைக் காத்த முறை இது. அதே மோனிஸ் 1935-ல் மனநோயாளிகளின் மூளையின் முன்பகுதி நரம்பிழைகளைத் துண்டிக்கும் அறுவையையும் தொடங்கி வைத்தார். அதற்காகவே 1949-ல் அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அவ்வறுவைக்கு உள்ளான பல்லாயிரவரில் பலர் அமைதியடைந்தனர். ஆனால் அது உணர்வும் ஊக்கமும் அணைந்துபோன அமைதி. பிற்காலத்தில் மருத்துவ உலகமே அம்முறையைக் கைவிட்டது. மூளையின் குழாய்களைக் காணக் கற்ற ஒருவர், மனத்தையும் கண்டுவிட்டதாக எண்ணியதால் வந்த வினை இது.

காயமில்லாத வீரர்கள்

வெடிக்கும் மனநோய்க்கும் உள்ள உறவு முதன்முதலாகப் பெரும் வழக்காக எழுந்தது முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில்தான். குண்டுகள் விழுந்த இடத்தருகே இருந்த வீரர்களுள் பலர், மேனியில் கீறலும் இல்லாமல் பார்வை மங்கினர், நினைவிழந்தனர், பேச்சிழந்தனர், இடைவிடாது நடுங்கினர். சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 1915-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இதனை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி என்னும் பெயரால் எழுதினார்.

இது மூளையின் காயமா, மனத்தின் காயமா என்னும் வினா உடனே எழுந்தது. பிரடெரிக் மாட் என்னும் நரம்பியல் அறிஞர், இவ்வாறு மாண்ட வீரர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து சின்னஞ்சிறு இரத்தக் கசிவுகளைக் கண்டார். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகில் இல்லாதவர்களுக்கும் இதே நோய் வந்தது. மையர்சே தம் கருத்தை மாற்றிக்கொண்டு, பலருக்கு இது மனத்தின் நோயே என்றார். இராணுவத்துக்கோ இந்த நுட்பம் தேவைப்படவில்லை. காயம் கண்ணுக்குத் தெரிந்தால் அவன் வீரன். தெரியாவிட்டால் அவன் கோழை. படைப்பணியிலிருந்து ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படைகளைச் சேர்ந்த 306 வீரர்கள் தம் தோழர்களின் துப்பாக்கிகளாலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். இந்நோயால் நிலைகுலைந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். 2006-ஆம் ஆண்டுதான் பிரித்தானிய அரசு இவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அம்மன்னிப்பைக் கேட்க அவர்களின் தாய்மாருள் ஒருவரும் உயிரோடில்லை.

விபத்திலிருந்து தப்பிவந்து வேலைக்குப் போக மறுக்கும் பெண்ணை நடிக்கிறாள் என்று சொல்லும்போது, நாமும் அந்த இராணுவ நீதிமன்றத்தின் இருக்கையில்தான் அமர்கிறோம்.

இசைத்தட்டு நிறுவனம் தந்த கண்

மண்டை ஓடென்னும் மதிலைத் துளையிடாமலே தாண்டியவர் ஒரு மருத்துவர் அல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத காட்ஃப்ரி ஹவுன்ஸ்பீல்டு என்னும் மின்பொறியாளர் அவர். நம் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் ஒலித்த எச்.எம்.வி. இசைத்தட்டுகளுக்குத் தாய் நிறுவனமாக அன்று விளங்கிய இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றினார். ஒரே திசையிலிருந்து படமெடுத்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலாகின்றன. தலையைச் சுற்றிலும் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, எங்கே எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்பதைக் கணிப்பொறியில் கணக்கிட்டால், மூளையை அப்பம்போல் துண்டு துண்டாகக் காணலாம் என்பது அவர் எண்ணம். 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட ஒரு பெண்ணின் தலை முதன்முதலில் இவ்வாறு படமெடுக்கப்பட்டது. கட்டி இருந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. இதுவே நாம் சி.டி. ஸ்கேன் என்பது. இதன் கணித அடிப்படையைத் தனியே கண்டிருந்த ஆலன் கார்மக் என்பாரோடு ஹவுன்ஸ்பீல்டு 1979-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எக்ஸ் கதிரே இல்லாமல், காந்தப்புலத்தில் உடலின் நீரணுக்கள் தரும் எதிரொலியைக் கொண்டு படம் வரையும் வழியைப் பால் லாட்டர்பர் 1973-ல் காட்டினார். பீட்டர் மான்ஸ்பீல்டு அதனை வளர்த்தார். எம்.ஆர்.ஐ. என்னும் இம்முறைக்காக இருவரும் 2003-ல் நோபெல் பரிசு பெற்றனர்.

இக்கருவி மனநோயாளிகளின் பக்கம் திரும்பியது 1976-ல். இலண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன், டிம் குரோ ஆகியோர் நெடுங்காலமாக மனச்சிதைவு நோயால் வருந்திய 17 பேரின் மூளையைச் சி.டி. கருவியால் படமெடுத்தனர். நலமுள்ளவர்களோடு ஒப்பிட்டபோது, நோயாளிகளின் மூளையிலுள்ள நீரறைகள் பெரிதாக இருந்தன. அதாவது மூளைத் திசு சற்றே குறைந்திருந்தது.

இந்தச் செய்தியின் அருமை, அதற்கு முன்னிருந்த நிலையை அறிந்தால்தான் விளங்கும். 1948-ல் பிரீடா பிராம்-ரைக்மன் என்னும் மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு சொற்றொடரை எழுதிவிட்டார். அன்பற்ற, அடக்கியாளும் தாயாலேயே பிள்ளைக்கு இந்நோய் வருகிறது என்னும் எண்ணம் மேலைநாடுகளில் ஒரு தலைமுறைக் காலம் கோலோச்சியது. நோயுற்ற பிள்ளையைச் சுமந்த தாயின் தோளில் அந்நோயின் பழியும் ஏற்றப்பட்டது. பார்வையற்றுப் பிறந்தவனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி, இருபதாம் நூற்றாண்டில் மருத்துவ மொழியில் திரும்ப வந்தது. அப்பழியை அகற்றியதில் மூளைப் படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். நீரறைகள் பெரிதாக இருந்தன என்பது நோயாளிகளைக் குழுவாக எடுத்துக்கொண்டு, சராசரி பார்த்துக் கண்ட உண்மை. நலமுள்ள பலருக்கும் அவை பெரிதாக இருக்கும். நோயுற்ற பலருக்கு இயல்பான அளவிலேயே இருக்கும். ஆகவே ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும், ஒரு தனி மனிதரின் படத்தைப் பார்த்து இவருக்கு மனச்சிதைவு உண்டு அல்லது இல்லை என்று சொல்லும் ஸ்கேன் எதுவும் நடைமுறை மருத்துவத்தில் இல்லை. மனநல மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்வது பெரும்பாலும் கட்டியோ, கசிவோ, தொற்றோ அல்ல என்று உறுதிசெய்துகொள்ளவே. அப்போது இயல்பு என்று வரும் அறிக்கைக்கு, 'இவையெல்லாம் இல்லை' என்பதே பொருள். 'நோயே இல்லை' என்பது அதன் பொருளன்று.

வேலூரில் படித்த படம்

படத்தில் ஒன்றும் தெரியாதபோது நேரும் தவறு இது. படத்தில் ஒன்று தெரியும்போதும் தவறு நேரலாம் என்பதை உலகுக்கு உணர்த்தியது நம் வேலூர்.

மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்பீல்டு என்னும் புகழ்பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய முதல் துறை அதுவே. மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார்.

1980-களில் சி.டி. ஸ்கேன் நம் நாட்டில் பரவத் தொடங்கியபோது, வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் சிறிய வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி ஒன்று தென்பட்டது. காசநோய் மலிந்த நாடு நம்முடையது. ஆகவே இது மூளையில் உண்டான காசநோய்க் கட்டி என்றே மருத்துவர்கள் பலர் கொண்டனர். நோயாளிகளுக்குப் பல மாதங்கள் காசநோய் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. பின்னர் எடுத்த படத்தில் புள்ளி மறைந்திருக்கும். மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் மகிழ்வார்கள். இவ்வாறு பிழையான விளக்கத்துக்கே சான்று கிடைத்துக்கொண்டிருந்தது.

வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் இராஜசேகர் ஆகியோரும் அவர்தம் துணைவர்களும் படத்தோடு நின்றுவிடவில்லை. அப்புள்ளியையே எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். காசநோயை எதிர்பார்த்த இடத்தில், பன்றி நாடாப்புழுவின் இளம்புழுவும் அதைச் சூழ உடல் எழுப்பிய அழற்சியும் காணப்பட்டன. 1989-ல் 'லான்செட்' இதழில் இச்செய்தியை வெளியிட்டனர். அப்புழு மடியும்போது உண்டாகும் அழற்சியே வலிப்பைத் தூண்டுகிறது. பெரும்பாலான புள்ளிகள் காசநோய் மருந்து இல்லாமலே தாமாகக் கரைந்துவிடும். எந்தப் புள்ளியை அறுவையின்றியே புழுக்கட்டி என்று துணியலாம் என்பதற்கு அளவு, வீக்கம், நோயாளியின் அறிகுறிகள் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் வகுத்த விதிகள், தேவையற்ற அறுவையிலிருந்தும் தேவையற்ற மாத்திரையிலிருந்தும் எத்தனையோ பேரைக் காத்தன.

இதில் நம் இல்லங்களுக்கான பாடமும் உண்டு. இப்புழுவின் முட்டை, அதனை வயிற்றில் கொண்ட மனிதனின் மலத்தின் வழியே வெளியேறி, கழுவாத கையாலும் காய்கறியாலும் நீராலும் மற்றவரின் வாயை அடைகிறது. எனவே புலால் உண்ணாதவர்க்கும் இது வரும். கழிப்பறையும் சோப்பும் வலிப்பு நோய்க்குத் தடுப்பு மருந்துகள் என்றால் மிகையன்று. வலிப்பு வந்த ஒரே காரணத்தால் திருமண ஓலை வாசிப்பு நின்றுபோன பெண்களை நம் பங்குகள் அறியும். அவர்களுள் சிலருக்கு வந்தது, மாத்திரையால் அடங்கி, காலப்போக்கில் கரைந்துபோகும் ஒரு சிறு புள்ளியாகவே இருந்திருக்கலாம்.

இல்லாத கை வலிக்குமா?

பட்டாசுத் தொழிலில் விரலையோ கையையோ இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுள் சிலர், இல்லாத கை வலிக்கிறது, இல்லாத விரல்கள் மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்பார்கள். கேட்பவர் நம்பமாட்டார், சொன்னவர் நாளடைவில் சொல்வதையே நிறுத்திவிடுவார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைக் கவனித்த வியர் மிட்செல் என்னும் மருத்துவர் 1871-லேயே இதற்கு மாய உறுப்பு என்னும் பொருளில் பெயர் சூட்டினார். ஆனால் காரணம் விளங்கவில்லை.

விளக்கத்துக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையின் மேற்பரப்பில் தனித்தனி இடம் உண்டு என்பதை, சாண்டியின் ஆசிரியரான பென்பீல்டு முன்பே வரைந்து காட்டியிருந்தார். அவ்வரைபடத்தில் கைக்கு அண்டையில் இருப்பது முகம். கையை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரலைத் தொடுவதாக அவர்கள் உணர்வதை இராமச்சந்திரன் கண்டார். மூளையின் நுண்ணிய காந்த அலைகளைப் பதியும் கருவியால் அவரும் துணைவரும் எடுத்து 1994-ல் வெளியிட்ட படங்களில், கைக்குரிய இடத்துக்குள் முகத்துக்குரிய பகுதி பரவியிருந்தது தெரிந்தது. உள்ள கையை ஆடியில் காட்டி இல்லாத கை அசைவதாக மூளைக்கு உணர்த்தும் எளிய சிகிச்சையும் அவர் தந்ததே. எல்லாருக்கும் இல்லாவிடினும் பலருக்கு அது வலியைக் குறைத்திருக்கிறது. இங்கே நோயாளி சொன்னது முன்னால் வந்தது. படம் நூறாண்டுக்கு மேல் கழித்தே அதற்குச் சாட்சியாக வந்து சேர்ந்தது.

வெடிக்குப் பின் மூளை

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை 1980-ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. குண்டதிர்ச்சிக்கு முறையான பெயர் கிடைக்க அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1995-ல் வியட்நாம் போரிலிருந்து திரும்பி இந்நோயால் வாடியவர்களை எம்.ஆர்.ஐ. கருவியால் ஆராய்ந்தபோது, நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி அவர்களுக்குச் சிறுத்திருப்பது தெரிந்தது. போரின் கொடுமை மூளையைச் சுருக்கிவிட்டது என்று பலரும் பொருள் கொண்டனர்.

2002-ல் வேறொரு குழுவினர், போருக்குச் சென்ற வீரரையும் போருக்கே செல்லாத அவரது ஒத்த இரட்டைச் சகோதரரையும் இணையிணையாக ஆராய்ந்தனர். வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் அப்பகுதி அதேபோல் சிறுத்திருந்தது! ஆக, போருக்கு முன்பே அவ்வாறு அமைந்திருந்தவர்களே அதிர்ச்சியால் எளிதில் முறிந்திருக்கக் கூடும் என்று தெரிந்தது. வேலூரின் பாடமே இங்கும் திரும்ப வந்தது. படம் பொய் சொல்லவில்லை; படித்தவர்கள்தாம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இந்த ஆய்வு நம் பகுதிக்கு மிக வேண்டியது. ஒரே அறையில் ஒரே வெடியில் சிக்கிய இருவரில் ஒருவர் மூன்று மாதத்தில் தேறுகிறார். மற்றவர் மூன்று ஆண்டாகியும் தேறவில்லை. தேறாதவருக்கு விசுவாசம் போதாது, செபம் போதாது என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. தாயின் வயிற்றில் உருவானபோதே ஒருவருக்கு அமைந்த மூளையின் அளவை விசுவாசத்தின் அளவாக நாம் எண்ணலாமா?

2016-ல் மற்றொரு செய்தி வந்தது. அமெரிக்காவின் டேனியல் பெர்ல் என்னும் நோய்க்குறியியல் அறிஞரும் அவர் குழுவினரும், போர்க்களத்தில் குண்டுவெடிப்பின் அதிர்வலைக்கு உள்ளாகிப் பின்னர் இறந்த வீரர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். மூளையின் சாம்பல் நிறப் பகுதியும் வெண்ணிறப் பகுதியும் கூடுகிற எல்லைகளில் தனித்தன்மையான தழும்புகளைக் கண்டனர். வழக்கமான ஸ்கேன் எதிலும் தெரியாத தழும்புகள் அவை. நூறாண்டுகளுக்கு முன் மாட் எழுப்பிய வினா மீண்டும் உயிர்பெற்றது. இராணுவக் குண்டும் பட்டாசு மருந்தும் ஒன்றல்ல. மாண்டவர் சிலரிடம் கண்டதை அப்படியே நம் ஊர்த் தொழிலாளருக்குப் பொருத்திவிடலாகாது. ஆனால் ஒன்று உறுதி. இன்று மருத்துவமனையில் எடுக்கும் படம் காணாத காயங்களும் உண்டு என்பதை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது.

எவ்வளவு காலமாக?

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தந்தை தம் மகனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார். மகன் தரையில் விழுகிறான், நுரை தள்ளுகிறான், பல்லைக் கடிக்கிறான். சீடர்களால் ஒன்றும் இயலவில்லை. மறைநூல் அறிஞர் அவர்களோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு குணமளிப்பதற்கு முன் தந்தையிடம் ஒன்று கேட்கிறார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதே அவ்வினா. இன்றும் நல்ல மருத்துவர் ஒருவர் கேட்கும் முதற்கேள்வி அதுதான். தந்தையும் சிறுபருவந்தொட்டு நடந்ததையெல்லாம் சொல்கிறார், ஆண்டவர் கேட்கிறார். அக்கூட்டத்தில் அந்தத் தகப்பனின் கதையைக் கேட்க ஆண்டவர் ஒருவரே இருந்தார்.

திருச்சபையும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1673-ஆம் எண்ணில், பேயோட்டும் சடங்குக்கு முன் அது நோயா என்று தேர்ந்து தெளியவேண்டும் எனவும், மனநோய் மருத்துவத்துக்கு உரியது எனவும் கற்பிக்கிறது. ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் அச்சடங்கை நிகழ்த்தக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1172. மருத்துவமனைகளின் பாதுகாவலரான புனித இறை யோவான் 1539-ஆம் ஆண்டளவில் கிரனடா நகரில் பித்தர் என்று அடைக்கப்பட்டு அடிபட்டவர். அங்கே கண்ட துன்பமே அவரை நோயாளர் பணிக்கு அனுப்பியது. புனித டிம்னாவின் திருத்தலமான பெல்ஜியம் நாட்டு கேல் நகரில், மனநோயாளிகளை ஊர்மக்கள் தங்கள் வீடுகளில் ஏற்றுப் பேணும் வழக்கம் இடைக்காலம் முதல் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

நம் அருகிலோ வேறொரு நினைவு இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநோயர் இல்லத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டனர். நாமும் 1985 வரை அதே இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள்தாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. எந்த மதத்துத் திருத்தலமானாலும் நோயாளியைக் கட்டிவைக்கும் இடமாக அது இருக்கலாகாது. நவநாளும் வேண்டுதலும் நம் உரிமை. அவற்றோடு மாத்திரையும் நடக்கட்டும். 2022-ஆம் ஆண்டு சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்னும் கட்டணமில்லாத மனநலத் தொலைபேசிச் சேவையை நடுவண் அரசு தொடங்கியது. இவற்றை நம் அன்பியக் கூட்டங்களில் எடுத்துரைப்பதும் இரக்கச் செயலே.

உயிர்த்த ஆண்டவரின் காயங்களைக் கண்ணால் கண்டாலன்றி நம்பமாட்டேன் என்றார் தோமா. அவருக்குக் காயங்கள் காட்டப்பட்டன. நம் வீட்டில் விபத்துக்குப் பின் உறங்காதிருக்கும் மகளுக்கோ, காதில் குரல் கேட்கிறது என்று கலங்கும் தம்பிக்கோ காட்டுவதற்குக் காயம் இல்லை. ஸ்கேன் படமும் அவர்களுக்குச் சாட்சி சொல்வதில்லை. அவர்களிடம் இருப்பது அவர்கள் சொல் ஒன்றே. ஆகவே அடுத்த முறை, "படத்தில் ஒன்றுமில்லை" என்னும் அறிக்கையோடு ஒருவர் வீடு திரும்பும்போது, "பிறகு உனக்கு என்ன?" என்று கேட்பதை விட்டு, "எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது?" என்று கேட்போம். கேட்டபின் விடை முடியும்வரை அருகில் அமர்ந்திருப்போம்.